நகரத்து நாயும் நமது காமிராவும்



தில்லியில் மார்கழி மாதத்து விடியற்காலை எப்படி இருக்கும் என்பதை அங்கு வாழும் நம்மவர் நன்கு அறிவார்கள். பனிமூட்டம் எதிர்வீட்டையும் மறைத்துவிடும் அந்த நேரத்தில், தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் அடுப்பை மூட்டுகிறார். அடுப்பின் அருகே, யாரோ ஒரு புண்ணியவான் தைத்துக் கட்டிவிட்ட சாக்குச் சட்டையுடன் ஒரு தெருநாய் சுருண்டு படுத்திருக்கிறது. காட்சியைக் கண்டதும் நமது கை தானாகக் காமிராவையோ கைப்பேசியையோ நாடுகிறது. படமும் எடுத்துவிடுகிறோம். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், நாம் கண்ட காட்சி படத்தில் இல்லை. தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு முதுகு மட்டுமே இருக்கிறது. பனியும் இல்லை, அடுப்பும் இல்லை, அந்த நாயின் முகமும் இல்லை.

இவ்வாறு நேருவதன் காரணம் என்ன? கண்டதைக் கண்டபடி படத்தில் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? இதைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

தெருநாயைப் படம் பிடிப்பதும் ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று சிலர் நினைக்கக்கூடும். ஊரை விட்டு வந்து வேறு மாநிலத்தில் குடியேறிய நமக்கு, புதிய தெருவில் முதலில் அறிமுகமாகும் ஜீவன் பெரும்பாலும் நாய்தான். முதல் நாள் நம்மைக் கண்டு குரைக்கிறது. பத்தாம் நாள் குரைப்பதை நிறுத்துகிறது. ஒரு மாதம் சென்றால் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வருகிறது. இந்தி பேசத் தயங்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் கூட அதனோடு தமிழிலேயே தாராளமாகப் பேசுகிறார்கள். அதுவும் புரிந்துகொண்டதுபோல் வாலை ஆட்டுகிறது. ஆகவே, நாம் வாழும் நகரத்தை அறிந்துகொள்ள விரும்புவோர்க்கு, அதன் தெருநாய்களைப் படம் பிடிப்பதைவிட நல்ல பயிற்சி வேறில்லை என்பது என் அனுபவம்.

முதலில் சிறிது வரலாறு. பாரிஸ் நகரத்தில் தாகேர் என்பவர் 1838-ஆம் ஆண்டில் ஒரு வீதியைத் தம் வீட்டுச் சாளரத்திலிருந்து படம் பிடித்தார். வண்டிகளும் மனிதர்களும் நிறைந்த வீதி அது. ஆயினும் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அக்காலத்தில் ஒரு படம் தகட்டில் பதியப் பல நிமிஷங்கள் வேண்டியிருந்தன. நகர்ந்து சென்றவை எல்லாம் பதியாமல் மறைந்துபோயின. பாதரட்சைக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவ்வழியே அன்று எத்தனை நாய்கள் ஓடினவோ, அவற்றுள் ஒன்றேனும் வரலாற்றில் இடம் பெறவில்லை. 1925-இல் லைக்கா என்ற சிறு காமிரா விற்பனைக்கு வந்த பிறகே, கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தபடி, ஓடுவதை ஓடும்போதே பிடிப்பது எளிதாயிற்று. தெருவும் தெருநாயும் புகைப்படக் கலையில் நிலையான இடம் பெற்றது அதன் பின்னரே.

இன்று கைப்பேசியே காமிராவாகிவிட்டது. ஆயினும் மூன்று செய்திகள் மாறவில்லை. அவை உயரம், ஒளி, வேகம்.

உயரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நாம் நின்றுகொண்டு படம் எடுக்கும்போது காமிரா தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. நாயின் கண்ணோ ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது முதுகும் தரையுமே. எலியட் எர்விட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதை நன்கு உணர்ந்தவர். 1928-இல் பாரிஸில் பிறந்து 2023-இல் நியூயார்க்கில் மறைந்த அவர், தம் நீண்ட வாழ்நாள் முழுவதும் உலக நகரங்களின் நாய்களைப் படம் பிடித்தார். அவர் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்று மிகவும் புகழ் பெற்றது. அதில் ஒரு புறம் குல்லாய் அணிந்த மிகச் சிறிய நாய் ஒன்று நிற்கிறது. அதன் அருகே ஒரு பெண்மணியின் காலணிகள். அவற்றுக்கு அப்பால் மேலும் இரண்டு நீண்ட கால்கள். அவையும் மனிதருடையவை என்று எண்ணி மீண்டும் பார்த்தால், மிகப் பெரிய நாய் ஒன்றின் முன்னங்கால்கள் அவை என்று தெரிகிறது. நாயின் உயரத்துக்குக் காமிராவை இறக்கியதனால் விளைந்த விந்தை இது. நாய் திரும்பிப் பார்ப்பதற்காகச் சில சமயம் எர்விட் தாமே குரைத்துக் காட்டுவாராம். நம் ஊர்களில் இந்த உபாயத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தெரு முழுவதும் பதிலளிக்கத் தொடங்கிவிடும்.

நாம் செய்ய வேண்டியது எளிது. குந்தி உட்காரலாம், நடைபாதை விளிம்பில் அமரலாம், கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் லென்ஸ் இன்னும் தாழ்ந்துவிடும். அவ்வளவில், இதுவரை பின்னணியாக இருந்த தரை மறைந்து, தெரு முழுவதும் நாயின் பின்னால் எழுந்து நிற்கக் காண்பீர்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கைப்பேசியின் சாதாரண லென்ஸ் அகன்ற பார்வை உடையது. அதை மிக அருகில் கொண்டுசென்றால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் தோன்றும். சாதுவான நாய்கூடப் பாயவருவதுபோல் காணப்படும். ஏழெட்டு அடி தள்ளி இருந்து எடுப்பதே நாய்க்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

அடுத்தது ஒளி. வட இந்தியக் கோடையில் நடுப்பகல் வெயில் படத்துக்கு உதவாது. நாய்களும் அப்போது நிறுத்திவைத்த வண்டிகளின் அடியில் ஒதுங்கிவிடுகின்றன. காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை வெயில் சாய்ந்த பின்னும் அவை நடமாடும் வேளை. அதுவே நல்ல ஒளி கிடைக்கும் வேளையும் ஆகும். புது தில்லிக் கன்னாட் பிளேஸில் வெண்ணிறத் தூண்கள் வரிசையாக நிற்கும் நடைகூடங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். சாய்வெயில் அத்தூண்களின் இடையே நுழைந்து தரையில் பட்டை பட்டையாக விழும்போது, குளிர்கால நாய் ஒன்று வெயில் பட்டையைத் தேடிப் படுப்பதும், வெயில் நகர நகரத் தானும் நகர்வதும் காணத் தக்கவை. ஒரு மணி நேரம் காத்திருப்போர்க்கு ஒளியைப் பற்றிய முழுப் பாடத்தையும் அந்த நாயே நடத்திவிடும்.

கறுப்பு நாயைப் படம் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தன் முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று கருதியே காமிரா ஒளியை அளக்கிறது. ஆகவே கறுப்பு நாய் படம் முழுவதையும் நிரப்பினால், அதை வெளுத்த சாம்பல் நிறமாக்கிவிடும். அதே நாய் சுண்ணாம்பு அடித்த சுவரின் முன் நின்றாலோ, சுவரை மங்கலாக்கி நாயை வெறும் நிழலாக்கிவிடும். முதல் நிலையில் ஒளியளவைச் சிறிது குறைக்க வேண்டும். இரண்டாவதில் கூட்ட வேண்டும். செக் நாட்டில் பிறந்த ஜோசப் கூடெல்கா 1987-இல் பாரிஸ் அருகில் உள்ள ஸோ பூங்காவில், வெண்பனியின் மீது நிற்கும் ஒரு கறுப்பு நாயைப் படம் பிடித்திருக்கிறார். அங்கு அவர் நாயை நிழலாகவே விட்டுவிட்டார். அந்த இருட்டே அப்படத்தின் உயிராக இருக்கிறது. விதியை அறிந்தவர் அதை மீறுவதும் கலைதான்.

இரவில் மின்னொளி போட்டு எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உள்ளது. மங்கலான ஒளியிலும் அதற்குக் கண் தெரிவதற்கு இது உதவுகிறது. மின்னொளி பட்டவுடன் அப்படலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஜொலித்து, நாயின் முகத்தைப் பேயின் முகமாக்கிவிடும். தெருவிளக்கே போதும்.

வேகத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. நடக்கும் நாய்க்கு 1/250 விநாடியும், ஓடும் நாய்க்கு 1/1000 விநாடியும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். எப்போதும் கண்ணின் மீதே குவியம் இருக்கட்டும்.

இவை கருவியைப் பற்றியவை. இனி நாயைப் பற்றியது. நாய்களிடையே நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது ஒரு சவால். லென்ஸோ பெரிய கண் ஒன்று இமைக்காமல் பார்ப்பது போன்றது. ஆகையால் நேரே நடந்து செல்லாமல், சற்றுப் பக்கவாட்டில் சென்று அமர்ந்து, முதல் ஐந்து நிமிஷம் காமிராவைத் தூக்காமலே இருப்பது நன்று. குட்டிகளுடன் இருக்கும் தாயையும், தின்றுகொண்டிருக்கும் நாயையும் நெருங்கலாகாது. உடல் விறைத்து, அசையாமல் நின்று பார்க்கும் நாயிடமிருந்து ஓடாமல், முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். உதட்டை நக்குவதும், தூக்கமின்றியே கொட்டாவி விடுவதும், ‘போதும், விலகிப் போ’ என்று நாய் நயமாகச் சொல்லும் வார்த்தைகள். இவற்றைப் படிக்கத் தெரியாதவர் நாயைப் படம் பிடிக்கத் தகுதி பெறவில்லை என்றே சொல்வேன்.

கடிபட்டாலோ, நகம் கீறினாலோ அலட்சியம் கூடாது. ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் மனிதருக்குப் பெரும்பாலும் நாய் மூலமே வருகிறது. அறிகுறிகள் தோன்றிய பிறகு அநேகமாகப் பிழைப்பதற்கு வழியில்லை. உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு போன்ற கைமருந்துகள் கெடுதலே செய்யும்.

மேலே கொட்டாவியைக் குறிப்பிட்டேன். அதைப் பற்றி எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. இப்பேச்சில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதுதான்.

2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். எங்கள் குடியிருப்பின் தேநீர்க் கடையருகில் காலூ என்ற கறுப்பு நாய் ஒன்று இருந்தது. ஒரு காலையில் அது விழித்தெழுவதை ஐந்து படங்களாக எடுத்தேன். முதலாவதில் படுத்திருக்கிறது, இரண்டாவதில் எழுகிறது, மூன்றாவதில் முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறிக்கிறது, நான்காவதில் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுகிறது, ஐந்தாவதில் கடைக்காரரின் முழங்காலில் தலையை வைத்துக்கொள்கிறது. நான்காவது படம் வேடிக்கையாக இருந்தமையால், அதை மட்டும் அண்டை வீட்டார்க்குக் கைப்பேசியில் அனுப்பிவைத்தேன்.

நான்கு நாள் கழித்துப் பின்வாசல் அருகே ஏதோ ஒரு நாய் துரத்தியதில், பள்ளிக்குச் சென்ற ஒரு சிறுமி கீழே விழுந்து முழங்காலில் காயம்பட்டாள். குடியிருப்பில் கோபம் மூண்டது. அது நியாயமான கோபமே. மாநகராட்சிக்குப் புகார் எழுதினார்கள். புகாருடன் ஒரு படத்தையும் இணைத்திருந்தார்கள். அது நான் எடுத்த நான்காவது படம். கெட்டிலும் சாக்கும் கடைக்காரரின் கையும் வெட்டப்பட்டு, திறந்த வாயும் நான்கு கோரைப் பற்களும் மட்டும் அதில் எஞ்சியிருந்தன. கீழே, குழந்தைகளைக் கடிக்கும் நாய் என்று எழுதியிருந்தது. மறுநாள் வண்டி வந்து காலூவை வலை வீசிப் பிடித்துச் சென்றது.

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். ஒரு வாக்கியத்தில் ‘அல்ல’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும் என்பதை இருபது ஆண்டுகளாக அறிவேன். படத்தின் ஓரத்தை வெட்டுவதும் அத்தகையதே என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. வெட்டியவர் வேறொருவர், ஆனால் ஐந்தில் ஒன்றை மட்டும் பிரித்து முதலில் அனுப்பியவன் நானல்லவா?

ஐந்து படங்களையும் எடுத்துக்கொண்டு அச்சிறுமியின் தந்தையிடம் சென்றேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, நாய்க்காக இத்தனை படம் கொண்டுவந்தீர்கள், விழுந்த என் குழந்தையைப் பார்க்க ஒருநாளும் வரவில்லையே என்றார். எனக்குப் பதில் இல்லை. குழந்தையைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வெளியே வந்தேன். துரத்தியது கறுப்பு நாய் அல்ல, பழுப்பு நிறம் என்று அவள் சொன்னாள். அதை முன்னரே யாரும் அவளிடம் கேட்கவில்லை. தந்தையே என்னுடன் காப்பகத்துக்கு வந்தார். என் முதல் படத்தில் காலூவின் ஒரு காதின் நுனியில் இருந்த சிறு வெட்டு தெளிவாகத் தெரிந்தது. கருத்தடை செய்யப்பட்ட நாய் என்பதற்கு அதுவே அடையாளம். பத்து நாள் கண்காணிப்புக்குப் பிறகு அதைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் அதன் பிறகு காலூ என்னை நெருங்கவிடவில்லை. கையில் ஏதேனும் ஒரு பொருளுடன் யார் வந்தாலும் எழுந்து போய்விடும். என்னிடம் உள்ள காலூவின் படங்கள் அந்த ஐந்து மட்டுமே.

இது ஒரு தெருவின் கதையாயினும், இதன் பின்னே ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. மும்பையில் 1832-இலேயே, தெருநாய்களைக் கொல்லும் ஆங்கிலேயர் ஆணையை எதிர்த்துப் பார்சி மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் முறைக்கு நம் சென்னை நகரம் முன்னோடிகளுள் ஒன்று. 1959-இல் அங்கே தொடங்கிய புளூ கிராஸ் சங்கம் அம்முறையை வற்புறுத்தி வந்தது. 1996-இல் மாநகராட்சியும் அதை ஏற்றது. 2001-இல் நாடு முழுவதற்கும் விதிகள் வந்தன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. 2025 ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றம், தில்லி வட்டாரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்கு மாற்றப் பணித்தது. ஆகஸ்டு 22-இல் வேறு அமர்வு அதைத் திருத்தி, நோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைச் சிகிச்சைக்குப் பின் பழைய இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7-இல், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடக்கூடாது என்று ஆணையிட்டது. குழந்தையின் அச்சமும் உண்மை; நாயின் பசியும் உண்மை. இவ்விரண்டுக்கும் இடையில் வழி தேடும் வழக்கு இது.

இவ்வழக்கில் இரு தரப்பினரும் படங்களையே காட்டுகிறார்கள். ஒரு தரப்பின் படங்களில் எல்லாம் பற்கள். மறு தரப்பின் படங்களில் எல்லாம் சோகக் கண்கள். ஜப்பானியரான டைடோ மொரியாமா 1971-இல் மிஸாவா நகரத்தில் எடுத்த தெருநாய்ப் படத்தைப் பார்த்தால், அது அச்சுறுத்துகிறதா அல்லது அஞ்சுகிறதா என்று தீர்மானிக்க முடியாமல் நாம் தடுமாறுகிறோம். தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும் அந்த நாயைப் பற்றிய தீர்ப்பை அவர் நம்மிடமே விட்டுவிட்டார். நேர்மையான படம் அத்தகையது.

ஆகவே நேயர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. நாயைத் தனியே எடுக்காதீர்கள். அது வாழும் இடத்தோடு எடுங்கள். தேநீர் அடுப்பு, எறிந்த ரொட்டி, குப்பைத் தொட்டி, அதைக் கண்டு ஒதுங்கிச் செல்லும் மூதாட்டி ஆகிய யாவும் படத்தில் இருக்கட்டும். குப்பை குவிந்த இடத்தில் நாய் ஏன் கூடுகிறது என்பதை அப்படமே எடுத்துரைக்கும். நடைபாதையில் உறங்கும் ஏழை ஒருவர் நாயுடன் படுத்திருந்தால், அவர் விழித்தபின் கேட்டு, அவர் இசைந்தால் எடுங்கள். நாய்க்குக் காட்டும் மரியாதையில் மனிதருக்கும் பங்கு உண்டு. காதின் வெட்டு தெரியும்படி ஒரு படமாவது எடுத்து, நாளையும் இடத்தையும் குறித்துவையுங்கள். தொடராக எடுத்ததைத் தொடராகவே பிறர்க்குக் காட்டுங்கள்.

மும்பையில் டாட்டா நிறுவனத்தின் தலைமையகமான பம்பாய் ஹவுஸ் 2018-இல் புதுப்பிக்கப்பட்டபோது, தெருநாய்கள் தங்குவதற்கென்று கீழ்த்தளத்தில் ஓர் அறையையே ஒதுக்கினார்கள். எல்லா நகரங்களுக்கும் எல்லா நாய்களுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. நம்மால் அறை ஒதுக்க இயலாது. உண்மையான ஒரு படத்தை எடுத்துவைக்க இயலும். பிழைப்புக்காக வேற்றூரில் வாழ்ந்து, நம்மைப் பற்றிப் பிறர் ஒரே ஒரு கணத்தை வைத்து முடிவு கட்டுவதை அனுபவத்தில் அறிந்த நமக்கு, ஒரு நாயின் ஐந்து கணங்களையும் பொறுமையுடன் பார்ப்பது கடினமாக இராது.